நாலாவது பாடம்

அக்டோபர் 4
சமூக உளவியல் இடைப்பருவத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மொத்தம் ஆறு பாடம். ஒற்றைப்படைப் பாடங்கள் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு. படித்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். முதல் வருடத்திலிருந்து எங்கள் காதலும் படிப்பும் இப்படித்தான் ஒன்றாக ஓடுகின்றன. அவன் பாடங்களை நான் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

அக்டோபர் 6
காய்ச்சல் இல்லையாம். வீட்டில் ஏதாவது வேலை வந்திருக்கும்.

அக்டோபர் 9
"இந்தத் தடவை தனியா படிச்சுக்கலாம்னு பார்க்கறேன்" என்றான். சரிதான், எத்தனை நாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்? தேர்வு பயம். முடிந்ததும் பழையபடி ஆகிவிடுவான்.

அறைத்தோழியிடம் சொன்னேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு, "உனக்கே இது நம்பற மாதிரி இருக்கா?" என்றாள். அவளுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம்.

அக்டோபர் 11
நூலகம், ஜன்னலோர மேசை. அவனும், முதல் பெஞ்சில் உட்காரும் அந்தப் பெண்ணும். போன மாதம் நான் சொல்லிக்கொடுத்த மூன்றாம் பாடத்தை, நான் சொன்ன அதே வரிசையில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். உதவுகிற குணம் அவனுக்கு. அவன் பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். தாகமாக இருந்திருக்கும்.

அவன் கை அவள் கைமேல் இருந்தது — இதுக்கு என்ன சொல்லப்போற? சொல்லேன்டி. சொல்லு!

அக்டோபர் 12
அழுதேன். வேறொன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 14
நாளை மறுநாள் தேர்வு. அவனுடைய நாலாவது பாடத்தை முதல்முறையாகத் திறந்தேன். மனமுரண். நாம் நம்புவது ஒன்று, கண்முன் நடப்பது வேறொன்று என்றால் மனம் தாங்காதாம். நம்பிக்கையை விட மனமில்லாமல் ஒரு சாக்கைக் கண்டுபிடிக்குமாம். அது உடைந்தால் இன்னொன்று.

இந்த நாட்குறிப்பை எடுத்து முந்தைய பக்கங்களைப் படித்தேன். வெட்கமாகப் போயிற்று.

அம்மா போனில், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"படிச்சுப் படிச்சு தொண்டை கட்டிக்கிச்சும்மா."

அக்டோபர் 16
நாலாவது பாடத்திலிருந்தே கேள்வி. சொந்த உதாரணத்துடன் விளக்க வேண்டும், பத்து மதிப்பெண். கை தானாக எழுதியது. ஒருத்தி, ஒருவன், அவனுக்காக அவள் தேடித்தேடிக் கண்டுபிடித்த சாக்குகள். நூலகத்தை மட்டும் கேன்டீன் ஆக்கினேன்.

அக்டோபர் 24
விடைத்தாள் கொடுத்தார்கள். பத்துக்குப் பத்து. "இவ்வளவு நல்ல உதாரணம் புத்தகத்துலகூட இல்ல" என்று, என் பெயரைச் சொல்லாமல் மேடம் அதை வகுப்பில் வாசித்தார். காய்ச்சல் என்றதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். தாகம் என்றபோது இன்னும் பலமாக. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் அவன். இப்போதாவது திரும்பிப் பார்ப்பான் என்று — ஆமாம், அப்போதும்தான் எதிர்பார்த்தேன்.

அவன் கையைத் தூக்கினான்.

"மேடம், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

மேடம் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.