லக்கலைக்கு பஸ் கேட்டவர்

1968 ஆகஸ்ட் 12, திங்கள். மாத்தளை.

லக்கலைக்கு பஸ் விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஆராய எங்கள் பஸ் டிப்போ கேட்ட பணத்தைக் கொழும்புத் தலைமையகம் இன்று மறுத்துவிட்டது.

"இப்ப பஸ்ல போற ஆக்கள்ட தொகையக் காட்டினாத்தான் தருவாங்களாம்," என்றார் எங்கள் அதிகாரி.

"அங்க பஸ்ஸே இல்லியே சேர்?"

"தெரியும் தம்பி. சட்டம் அப்படி."

மத்தியானம் லக்கலையிலிருந்து பண்டா வந்தார். பிரசவ வலியில் துடித்த மனைவியைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்து, நாவுலை ஆஸ்பத்திரிக்கு வந்துசேர முன்பே பறிகொடுத்தவர். இப்போது மகளுக்கு எட்டாம் மாசமாம். "பஸ் வருமா மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "வரும்," என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரவு இஷா தொழுதேன். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த மனுஷன் நம்பிவிட்டார்.