மூன்றாவது ஒயர்

பழவேற்காடு

அன்புள்ள நிவேதாவின் அப்பாவுக்கு,

வளர்மதி எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் சுகம். போனில் எது சொன்னாலும் "சரி, பாத்துக்கோ"னு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஜோஷ்வாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மகளிர் குழுவின் குளிர் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இறால் வைக்கிற அறை, மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும். மீட்டரோ மைனஸ் பத்து என்றது, வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம் கூடியது. "கதவத் தொறந்து போட்டுட்டு புருசன்கிட்ட பேசிக்கினு கீறா"னு தலைவி சாமுண்டீஸ்வரி அக்கா ஏலக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நீங்கள் பேசுகிற லட்சணம் அவருக்கு எங்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து தலை பின்னும்போதுதான் அந்த ரயில் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. மீஞ்சூரில் ஏறிப் பொன்னேரி வரும்வரை என் பின்னலைப் பிடித்துக்கொண்டு வேலைக் கதை சொன்னீர்கள். சூடு ஏறினால் சென்சாரின் மின்தடை ஏறும், மீட்டர் அதைத்தான் அளக்கும், ஆனால் நீள ஒயருக்கும் தடை உண்டு, அதுவும் சூடு மாதிரியே கணக்கில் ஏறிவிடும் என்றீர்கள். பின்னலின் மூன்றாவது காலைத் தனியே பிரித்து, வழியில் சேர்ந்ததைக் கழிக்க இந்த ஒயர் என்றீர்கள். எதிர் சீட்டு மீன்காரம்மா சிரித்ததில் எனக்கு மானம் போயிற்று. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை அந்த ரயிலில் ஏறலாம் போலிருக்கிறது.

மறுநாள் போய் ஒயரைப் பார்த்தேன். ஏலம் எடுப்பவர்கள் கண்ணில் எண் பட வேண்டும் என்று மீட்டரைக் கூடத்துக்கு மாற்றியிருந்தோம் அல்லவா? ஒயர் வேலை செய்த கண்ணப்பன் அண்ணன் அதற்கு எல்லையம்மன் திருவிழா சீரியல் லைட்டு ஒயரை இழுத்திருக்கிறார். அதில் இரண்டே இழை. சென்சார் வரை போக வேண்டிய மூன்றாவதை மீட்டரின் பின்னாலேயே துண்டுக் கம்பியால் முடிந்துவிட்டார்.

எல்லாரையும் கூப்பிட்டு, நொறுக்கிய ஐஸும் தண்ணீருமாக ஒரு பக்கெட்டில் சென்சாரை இறக்கினேன். பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் எட்டு காட்டியது. மூன்று இழை ஒயர் மாற்றியதும் பூஜ்யத்தில் நின்றது. அக்கா சாவியை என் கையில் வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று ஜோஷ்வா நம் வீட்டில்தான் சாப்பிட்டான். உங்களைப் பற்றிக் கேட்டதும் தட்டையே பார்த்துக்கொண்டு, "அண்ணனுக்கு இன்னா, நல்லா கீறாரு அண்ணி"னு சொன்னான். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள், நடுநடுவே இருமிக்கொண்டு. அவ்வளவு தூரம் தாண்டி வருகிற சொல்லில் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மன் உங்களைக் காப்பாற்றுவாள். ஆனாலும் பொங்கலுக்கு வந்துவிடுங்கள். நெற்றியில் கை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
வளர்மதி