செவலை கடிச்ச இலுப்பை

ஆத்தா அம்சம், நல்லாருக்கியா? ஒன் அண்ணன் காத்தான்தான் பேசுறேன். மாப்புள்ள இராஜாங்கம் சொகமா? அந்தமான்ல மழ விடாதுங்கிறாங்களே, புள்ளைங்களுக்குச் சளி கிளி இல்லாம இருக்கா? இங்க எல்லாரும் சொகம். சொகம்னா, ஆடி பொறந்தும் ஆத்துல தண்ணி வரல, அந்தச் சொகந்தான்.

நான் போட்ட மூணு காயிதத்துக்கும் பதில் இல்ல. எழுதிக் குடுத்த வாத்தியாரு நான் சொன்னத விட்டுட்டு, நலம் நலமறிய அவான்னு அவரு பாட்டுக்கு முடிச்சுட்டாரோ என்னமோ. அதான் இப்ப அல்லா பிச்சை பாய புடிச்சேன். உங்க ஊரு போர்ட்பிளேர்ல கடை வச்சிருக்காரே, அவருதான். ஊருக்கு வந்தவரு, இந்த டேப்பு ரிக்காடர என் முன்னாடி வச்சு ரெண்டு பொத்தானச் சேத்து அமுக்கிட்டு, நாடா தீந்தா அதுவா நின்னுடும், அதுக்குள்ள பேசு காத்தான், ஒன் கொரலயே கொண்டுபோயிக் குடுத்துடுறேன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. பொட்டிகிட்ட பேச கூச்சமாத்தான் இருக்கு. பண்ண மாடுங்களோட இருவது வருசம் பேசுனவன், இதோட பேச மாட்டனா?

மொதல்ல நல்ல சேதி. எம்மவ செவ்வந்திக்கு ஆவணி கடைசியில கல்யாணம். மாப்புள்ள பூதலூரு, ரயில் ரோட்டுல தண்டவாளம் பாக்குற கேங்கு வேல. பய மூக்கு கொஞ்சம் நீளம், மத்தபடி கொறை சொல்ல முடியாது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்க வீட்டு எலி அவன் செருப்புல பூந்துகிட்டு... சரி, அது கெடக்கட்டும். ஒன் மருமவ என்ன சொல்றா தெரியுமா? எனக்கு ஒரே அத்தை, அது வந்து நலுங்கு வைக்காம நான் மணையில ஒக்கார மாட்டேங்கிறா. ஒன் அண்ணி அமிர்தம் அதக் கேட்டுட்டு என்னப் பாத்தா, அவ்வளவுதான்.

திடலப் பத்தி சொல்றேன், கேளு. நீ போறப்ப பாத்த மாட்டுத்திடல் இல்ல இப்ப. அப்ப எரநூறு பண்ண மாடு மேஞ்சு மேஞ்சு மொட்டத் தலையாட்டம் கெடக்கும். நீ கூட கோரப்புல்லு தேடிப் பாதி நாளு வெறுங்கூடையோட வருவே. இப்ப உள்ள பூந்தா வானம் தெரியல. நாவ, புங்கை, நுணா, ஈச்சம்புதரு. நம்ம பண்ணக்காரரு சாரங்கபாணி ஐயா ஒண்ணும் பெருசா நடல. மாட்ட வெளிய ஓட்டு காத்தான், மண்ணுக்குள்ள எல்லாம் தூங்குது, அதுவா எந்திரிக்கும்னாரு. எந்திரிச்சுது. நரி குட்டி போட்டிருக்கு. போன மாசம் ஒண்ணு என் சோத்துச் சட்டியத் தூக்கிட்டு ஓடுச்சு, கருவாட்ட மட்டும் தின்னுட்டு சட்டிய வரப்புல வச்சுட்டுப் போயிருக்கு. நம்ம தெருவுல சில பேரவிட நாகரிகம்.

அப்ப ஊரு என்ன சொல்லுச்சு, ஒனக்கும் ஞாபகம் இருக்கும். நெல உச்சவரம்ப பதினஞ்சு ஏக்கராக் கொறச்ச சமயம். காடும் இல்ல கீடும் இல்ல, தோப்புன்னு காட்டி நெலத்தக் காப்பாத்திக்கப் பாக்குறாரு, இது நமக்கு வீடு கட்ட மனக்கட்டாகுற எடம்னு விவசாய சங்கத்துல கொடி புடிச்சாங்க. மாப்புள்ள இராஜாங்கந்தான் முன்னால நின்னாரு. அவங்க சொன்னது பொய்யின்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியல ஆத்தா. உதயசூரியன் போயி ரெட்ட எல வந்தும் நம்ம தெருவுக்கு மனக்கட்டு வரல. மேய எடமில்லாம அவனவன் மாட்ட வித்தான். இருவது மாடு நின்ன தெருவுல இப்ப நாலுதான் நிக்கிது. காடு வந்துச்சு, பாலு போச்சு. காவலுக்கு நின்னவன் நான்.

அன்னிக்கு டீக்கடையில அத்தன பேரு முன்னாடி மாப்புள்ள கேட்டாரு, மச்சான், பண்ணைக்கு வேலியா நிக்கிறீரே, ஒம்ம தங்கச்சி மாடு பூந்தா கண்ண மூடிக்குவீரான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு என் காதவிட்டுப் போகவே இல்ல. எட்டாம் நாளு ஒன் செவலைப் பசு பூந்துச்சு.

அந்தத் திடல்ல தானா மொளச்ச மொத இலுப்பை அது. என் முழங்கால் ஒசரம். தெனம் காலையில அதப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவேன். செவலை அத அடியோட கடிச்சுட்டு, ஒண்ணுந்தெரியாத மாதிரி நின்னு அசபோடுது. ஆத்திரத்துல எனக்குக் கண்ணு தெரியல. ஓட்டிட்டுப் போயி பஞ்சாயத்து மாட்டுப் பவுண்டுல அடச்சேன். சினை மாடுன்னும் தெரியும்.

நீ கைப்புள்ளையோட வேலிகிட்ட வந்து நின்னே. அண்ணே, என் கல்யாணத்தன்னிக்கு நீ என் கையில புடிச்சுக் குடுத்த மாட்டுக் கயிறுண்ணே அதுன்னே. நான் என்ன சொன்னேன்? கயிறு யாரு குடுத்தா என்ன, வேலிக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதுன்னேன். சுத்தி நாலு பேரு நின்னாங்க, அவங்களுக்குக் கேக்கணும்னு சத்தமாவே சொன்னேன்.

கூரையில்லாத பவுண்டு. மூணு நாளு மழ. மாப்புள்ள அபராதங் கட்டி மீட்டு ஓட்டியாறப்ப வாய்க்காக் கரையில வயித்துக் கன்னு நழுவிப்போச்சு. மறுமாசமே நீங்க கப்பலேறிட்டீங்க.

இது வரைக்கும் ஒனக்குத் தெரியும். தெரியாத ஒண்ணு சொல்றேன். நாலாம் நாளு ஐயா வந்தாரு. நான் பெருமையாச் சொன்னேன், என் தங்கச்சி மாட்டையே புடிச்சுக் குடுத்துட்டேங்கன்னு. அவரு குனிஞ்சு அந்த இலுப்பைக் கட்டையப் பாத்தாரு. அட பைத்தியக்காரா, வேரு இருக்குல்ல, கடிச்ச எடத்துல ரெண்டாத் தழைக்கும், இதுக்கா சினை மாட்ட அடச்சேன்னாரு. பத்து நாளு. பத்தே நாள்ல ரெண்டு துளிரு வந்துருச்சு ஆத்தா.

இப்ப அது ரெண்டு கெளையா, நம்ம கூரைக்கு மேல நிக்கிது. இந்தச் சித்திரையில மொதமொதப் பூத்துச்சு. ராவெல்லாம் வவ்வாலு சத்தம். நான் அதும்பக்கமே போறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போவேன்.

இத்தன வருசத்துல அந்தக் காட்டுல ஒரு குச்சி ஒடிச்சதில்ல நான், அடுப்புக்குக் கூட. ஐயாகிட்டப் போயி, செவ்வந்தி கல்யாணத்துப் பந்தக்காலுக்கு அந்த இலுப்பையில ஒரு கெளை வேணுங்கன்னேன். பால் மரந்தானே, பந்தக்காலுக்கு ஆகும், எடுத்துக்கன்னுட்டாரு. அருவாளத் தீட்டியும் வச்சேன். கை போகல. அது நான் ஒடிக்கிற கெளை இல்ல.

மெட்ராஸுக்குக் கப்பல் எப்பன்னு பாய் சொல்லுவாரு. மாப்புள்ள என்ன நாலு வார்த்த கேக்கணும்னா கேக்கட்டும், அதே டீக்கடையிலயே வச்சுக் கேக்கட்டும், நான் ஒக்காந்து கேட்டுக்குறேன். நீங்க புள்ளகுட்டியோட நல்லாருக்கணும். ஒன் வீட்டு வாசல்ல பசு கட்டியிருக்கணும். அந்தக் கயித்த இந்தத் தடவ நான்...

இந்தா, ஒன் அண்ணி வாசல்லேருந்து கத்துறா. திடல்ல யாரு மாடோ பூந்துருச்சாம், கம்ப எடுத்துட்டு ஓடியாங்கிறா. கம்பு வேணாண்டி, கையாலயே வெளிய ஓட்டிட்டு வர்றேன், இரு. அம்சம், நீ வா. வந்து அந்தக் கெளைய ஒன் கையால ஒடி. அன்னிக்கு வேலியில நின்னு நான் சொன்னேன் பாரு ஒரு வார்த்த, அத நான்