அரைக் கணுத் தண்ணீர்

இன்று காலை தென்னை நார்க்கட்டியின் மேல் வெந்நீர் ஊற்றினேன். செங்கல் மாதிரி இருந்தது மெல்ல உப்பி, உதிர்ந்து, வாளி நிறைய ஈரத் தூளாயிற்று. அதிலிருந்து எழுந்த வாசனையில் கை நின்றுவிட்டது. நனைந்த தென்னங்கயிற்றின் வாசனை. ஆனி மாதம் குடமுருட்டி ஆற்றில் உன்னைத் தேடி இறங்கியவர்கள் இடுப்பில் கட்டியிருந்த கயிறு, பிறகு நம் வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போக யாரும் வரவில்லை.

தூளைப் பிழிந்து பார்த்தேன். கையில் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. நீ போனில் சொன்னதுதான்.

தம்பி, உன் ஆமைக்குப் படுக்கை மாற்றுகிறேன்.

சித்திரை வெயிலில், சென்னையிலிருந்து செருப்பு டப்பாவில் அதைக் கொண்டுவந்தாய். எலுமிச்சம்பழம் அளவு. ஆப்பிரிக்கத் தரையாமை. நம் ஊர் ஆமையை வீட்டில் வைத்தால் குற்றம், இது முறைப்படி பதிவு செய்தது என்றெல்லாம் அம்மாவிடம் விளக்கினாய். அம்மாவுக்கு அது எந்த நாட்டு ஆமை என்பது பொருட்டில்லை. எந்த நிலைப்படியைத் தாண்டியது என்பதுதான் பொருட்டு. வரப்பில் ஆமையைக் கண்டால் பேசாமல் விலகி நடக்கிறவர்கள் நாம். வீட்டுக்குள் அதன் பெயரைச் சொல்லவே தயங்குகிறவர்கள்.

"திருப்பி எடுத்துட்டுப் போயிடுடா," என்றாள்.

"இப்ப வாடகைக்குத்தாம்மா வந்திருக்கு. அடுத்த லீவுல தனி வீடு கட்டிக் குடுத்துடறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். அன்று சிரித்ததற்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவில்லை.

அடுத்த லீவில் நீ வந்தபோது ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. வயலைப் பார்த்துவிட்டு, சேற்றுக் காலைக் கழுவப் படித்துறையில் இறங்கினாய். படியில் பாசி. அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நீ விழுந்ததைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அன்று மாலை நம் வாசலில் நின்று, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"எந்திரிச்சு வந்துடுவான்னுதாம்மா நெனச்சோம். ஆத்தங்கரைப் புள்ளைக்கு நீச்சல் தெரியாம இருக்குமா?"

அம்மாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நீச்சல் தெரிந்த பிள்ளை. வேறு ஏதோ இழுத்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது உன் அறைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள். அங்கே, ஒரு பிளாஸ்டிக் கூடையில், அது இருந்தது.

எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் மற்றவர்கள் மதகிலிருந்து குதிக்கும்போது நீ படியில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பாய். "எவனாவது ஒருத்தன் இருக்கணும்ல," என்பாய். யாரும் மேலே கேட்டதில்லை. கிளம்பும்போது கடைசிப் படியில் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வாய். ஈரத் தலையோடு வீட்டுக்கு வருவாய். அம்மா துவட்டிவிடுவாள்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்தபோது அது உன் ரகசியம். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஆமை சாப்பிடுவதை நிறுத்தியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கூடையின் மூலையில் கிடந்தது. அம்மா நாள்தோறும் வாசற்படிவரை வந்து பார்த்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு கண்ணாடி மீன்தொட்டி தருவதாகச் சொன்னார், கூடவே கொஞ்சம் சோறு போட்டுப் பார்க்கவும் சொன்னார். இரண்டும் வேண்டாமென்றேன். கண்ணாடியைப் பற்றி நீ சொல்லியிருந்தாய்: "வெளியில தெரியறத எட்டிடலாம்னு முட்டிக்கிட்டே இருக்கும்க்கா."

மழைக்காக என் கல்லூரிக்கு விடுமுறை விட்ட நாளில் உன் புத்தக அலமாரியைக் காலி செய்தேன். அதை மல்லாக்கப் படுக்கவைத்து நடுத்தட்டுகளைக் கழற்றினேன். அடியில் தார்ப்பாய், அதன் மேல் நார்த்தூள். ஒரு ஓரத்தில் உடைந்த மண்சட்டியின் பாதியைக் கவிழ்த்தேன், ஒளிந்துகொள்ள. எதிர் ஓரத்துக்குச் சூடு வேண்டும். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், எங்கே இருப்பதென்று அதுவே முடிவு செய்ய வேண்டும்.

பல்பு வாங்கப் போனேன். கடை பாய் கோழிக்குஞ்சுக்கா என்று கேட்டார். ஆமைக்கு என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மேல் தட்டிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்துத் துடைத்தார்.

"தம்பி போன தடவை வந்து கேட்டாப்ல. அப்ப ஸ்டாக் இல்ல. அவருக்காகத்தான் வரவழைச்சு வச்சேன்."

காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, ஆனியில் நீ கொண்டுவந்த பையைத் திறந்தேன். இன்னொரு விளக்கு, வெயிலின் கண்ணுக்குத் தெரியாத பங்கைத் தருவது, பிரிக்காத அட்டைக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் குட்டியின் ஓடு கெட்டிப்படாது என்று சொல்லியிருந்தாய். உன் துணிகளுக்கு நடுவில், உடையாமல், பத்திரமாக.

இரண்டையும் பொருத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு உன் ஜன்னலில் வெளிச்சம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள்.

சூடு ஏறியதும் அது நடக்கத் தொடங்கியது. பலகையில் நகம் உரசும் சத்தம். நீ செருப்பை இழுத்து இழுத்து நடப்பது போலவே. சமையலறையில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. நானும் நின்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் அது சாப்பிடவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மதியம் அருகம்புல் பறித்துக்கொண்டு திரும்பினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே வெறும் நார்த்தூள். சட்டிக்கு அடியிலும் இல்லை. வீட்டில் அம்மாவும் இல்லை.

ஆனிக்குப் பிறகு படித்துறைப் பக்கமே போகாதவள், கடைசிப் படியில் நின்றிருந்தாள். கையில் எவர்சில்வர் கிண்ணம். ஆறு கலங்கி, கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு ஏங்குதுடி அது. அதான் சாப்புட மாட்டேங்குது. அது எடத்துல விட்டுட்டா அதுவும் பொழைச்சுக்கும், நம்மளும் பொழைச்சுக்குவோம்."

"அதுக்கு நீச்சல் தெரியாதும்மா."

"ஆமைக்கா?"

"தரையாமைம்மா இது. விட்டா நேரா அடிக்குப் போயிடும்."

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். உள்ளே நான்கு கால்களும் வழுக்கி வழுக்கி உலோகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. நெடுநேரம் பார்த்தாள். பிறகு, திரும்பாமல், கேட்டாள்.

"அவனுக்கு?"

தண்ணீரின் சத்தம். என் கையில் அருகம்புல் நசுங்கியது.

"தெரியாதும்மா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

படியில் உட்கார்ந்தாள். ஈரம் சேலையில் ஏறியது. அவள் கவனிக்கவில்லை.

"தலையை நனைச்சுக்கிட்டு வருவானேடி," என்றாள். "நான் தொடச்சு விட்டேனே."

அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

திரும்பி நடக்கும்போது கிண்ணத்தை வயிற்றோடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். அலமாரியில் அவளே இறக்கிவிட்டாள். பல்புக்குக் கீழே கையை நீட்டிச் சூடு பார்த்தாள். செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டாள். மறுநாள் காலை பூவின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு சின்னக் கடி இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நீச்சல் தெரிந்த பிள்ளை என்று அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆமையையும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல யாருமில்லாமல் போனது அவளை இன்னும் மெலியவைத்திருக்கிறது. காலையில் எழுந்ததும், "அவன் எந்திரிச்சுட்டானா பாரு," என்கிறாள். நான் போய்ச் சட்டிக்கு அடியில் பார்க்கிறேன். எழுந்துவிட்டான் என்கிறேன்.

தண்ணீர்த் தட்டை என்னை நிரப்ப விடுவதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டுதான். தண்ணீர் ஆமையின் தாடைக்கு மேல் போகக் கூடாது. அம்மா ஊற்றிவிட்டு ஆள்காட்டி விரலை நிறுத்திப் பார்க்கிறாள். முதல் கணுவில் பாதி. ஒரு சொட்டு கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறாள். இன்று, புதுத் தூளின் மேல் தட்டை வைத்ததும், என் விரலையும் பிடித்து உள்ளே நிறுத்தினாள்.

"இவ்வளவுதான்," என்றாள்.

நான் கல்லூரிக்குப் போகும் தஞ்சாவூர் பஸ் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை. என் கட்டைவிரல் தானாகவே ஆள்காட்டி விரலில் அந்த இடத்தைத் தேடிப் போய் அழுத்திக்கொள்கிறது. பாலம் முடியும்வரை எடுப்பதில்லை.