அந்தப் பயற்றை வேகவைக்காதே

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம், என் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது, ஆனால் நான் நலமாக இல்லை. போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அதனால்தான் இதை எழுதி அம்மாவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பார்த்ததும் முதலில் அடுப்படிக்குப் போ. உனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேனே, மங்கலான சாம்பல் நிறப் பயறு, அது மிச்சம் இருக்கிறதா பார். இருந்தால் ஊறப்போடாதே, வேகவைக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சு காட்டிய பயறு விதைகளில் ஆயிரக்கணக்கானவை வீணாகி, சுருண்ட இலையோடு ஒரே ஒரு குட்டைச் செடி தேறியது உனக்குத் தெரியும். அதன் பயற்றில்தான் இரும்புச்சத்து இரண்டு பங்கு, உனக்குக் கொடுத்ததும் அதுதான். இருட்டில் வெளிச்சம் அடிக்குமா அப்பா என்று நீ கேலி செய்தாய், கதிர் பட்டது அதன் பாட்டன் விதைக்குத்தான், இதில் ஒன்றும் ஒட்டியிருக்காது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் பருவத்தில் அதன் வாரிசுகளைச் சாதாரணப் பயற்றோடு இனக்கலப்பு செய்ய ஒரே வயலில் கலந்து விதைத்தோம். மீதி விதையைச் சத்துப் பரிசோதனைக்கு அரைத்தாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆபீசில் விதைப் பண்ணை ஆட்களைக் களையெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். வரிசையில் ஒத்துப்போகாத செடியைப் பிடுங்கி எறிவதுதான் அவர்கள் பிழைப்பு, ஒத்துப்போகாததைத் தேடி அலைவது எங்கள் பிழைப்பு. திரும்பிப் போனால் மேஸ்திரி அம்மா வாயெல்லாம் பல்லாக, "சார், கலப்பு ஒண்ணுகூட விடல, வயல் கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்கிறார். அவரை எந்த வாயால் திட்டுவேன்? கண்ணில் தூசி படக் கூடாது என்பதையும் மறந்து அவர்கள் பிடுங்கி எறிந்த என் குட்டைச் செடிகளைத் தேடிக் குப்பைக் குழியில் இறங்கிக் கிளறினேன், எல்லாம் பிஞ்சு, ஒரு மணிகூட முற்றவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்கு ஆயுசு இருந்தாலும் வேலை இருக்காது, ஓய்வு நெருங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை மகளே.

இதைப் படித்துவிட்டு உன் அம்மா, "புள்ளத்தாச்சிகிட்ட குடுத்த பயறத் திருப்பிக் கேக்குற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்கிறாள். என்ன செய்ய, கேட்கிறேன். டப்பா மூலையில் நாலு மணி ஒட்டியிருந்தால் போதும், விதைத்துப் பெருக்கிவிடுவேன், மூடியையும் தட்டிப் பார். எல்லாம் சாப்பிட்டாயிற்று என்றால் பயப்படாமல் சொல்லிவிடு, மறைக்காதே. ரத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல், அதைக் கேட்டாவது நான் தூங்குவேன்.

தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, இருவரும் நூறு வயது இருங்கள். மாத்திரையை மறக்காதே.

உன் பதிலுக்காகப் போனைக் கையில் பிடித்தபடி,
அப்பா