வைரஸின் மேல் ஒரு சின்ன வளைவு

என் அருமை பரமு அக்காவுக்கு,

பதுளை ஆஸ்பத்திரியில் நீ கண்மூடி ஒன்பது வருஷமாகிறது. இன்று உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

முதல்தரம் டெங்கு வந்தபோது ஒரு வாரத்தில் எழுந்து, பதுளைத் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாய். அடுத்த வருஷம் மறுபடி காய்ச்சல். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டில் படுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவமாடி?" என்று கேட்டாய். பல்கலைக்கழக லீவில் வந்திருந்த நான், "ஒருதரம் வந்தா ஒடம்பு பழகிரும்க்கா. நாளைக்குப் பாப்போம்" என்றேன். உயிரியல் படிக்கிறவள் சொல்கிறாளென்று நம்பினாய். ஒரு நாள் போய்விட்டது.

பிறகுதான் படித்தேன். டெங்கு வைரஸ் நான்கு வகை. முதல் வகையை எதிர்க்க உன் உடம்பு செய்துவைத்த பிறபொருளெதிரிகள், அதாவது ஆன்டிபாடிகள், அடுத்த வகையை அரைகுறையாகப் பிடித்திருக்கின்றன. அழிக்கவில்லை, உடம்பின் நுண்ணிய கலங்களுக்குள் அதைக் கூட்டிக்கொண்டு போயிருக்கின்றன. காக்க வந்ததே காட்டிக்கொடுத்தால் யாரை நோவது?

இப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தடுப்பூசி வேலை செய்கிறேன். முழு வைரஸையும் காட்டாமல், நான்கு வகைக்கும் பொதுவான ஒரு துண்டை மட்டும் உடம்புக்குக் காட்டுவது என் எண்ணம். பதினெட்டு அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட் என்ற சின்னப் புரத இழை. தனியாகப் போனால் உடம்பு கண்டுகொள்ளாது என்று பெரிய புரதம் ஒன்றோடு இணைத்தேன். எலிகளில் பிறபொருளெதிரி ஏராளமாக உண்டானது. வைரஸில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

நான் கொடுத்தது நேரான இழை. வைரஸின் மேல் அந்தத் துண்டு வளைந்து நிற்கிறது. இரு முனைகளையும் இணைத்து, அதே வளைவோடு செய்து, மறுபடி தொடங்கினேன்.

போன மாதம் எலியின் பிறபொருளெதிரி நான்கு வகையிலும் ஒட்டியது. உன்னைக் கொன்ற காரியத்தை இதுவும் செய்யுமா என்பதுதான் என் பயம். இன்று காலை முடிவு வந்தது. பிறபொருளெதிரி குறைவாக இருக்கும்போதுதான் அந்த ஆபத்து அதிகம்; ஆனால் எவ்வளவு நீர்க்கவைத்துப் பார்த்தாலும், வைரஸைக் கலத்துக்குள் அது கூட்டிப்போகவில்லை.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வைரஸையே கண்டிராத எலி, அக்கா. ஒரு சின்ன வளைவைப் பார்த்துவிட்டு முழு எதிரியையும் அடையாளம் கண்டிருக்கிறது. நான் செய்தது அந்தத் துண்டை மட்டும். மற்றதெல்லாம் உள்ளங்கையளவு உடம்பு தானாகச் செய்தது. இத்தனை அறிவு அதற்குள் எங்கே இருந்தது? உன் உடம்பிலும் இருந்ததுதானே? சரியான இடத்தைக் காட்டத்தான் ஆளில்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அப்ப நம்ம பரமுவுக்கு இது இருந்திருந்தா..?" என்றார்.

"தெரியலம்மா. இன்னும் எலியிலதான் பாத்திருக்கோம்."

பிறகு, "அவ ஒன்னயக் கோவிச்சிருக்க மாட்டாடி" என்றார். அந்த ஒரு நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா?

மனிதரில் இது நிற்குமோ, தெரியாது. ஒன்று மட்டும் சத்தியம் அக்கா: ஒருவர் கையில் ஊசி படும் முன், தீங்கில்லை என்று எத்தனை தரம் பார்க்க வேண்டுமோ அத்தனை தரமும் பார்ப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி