வரத் தாமதிக்க வேண்டாம்

ஜூன் 3, திங்கள்

மருமகள் இஸ்திரி கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "அத்தை, கேஸ் சிலிண்டர்காரர் வந்தா சீட்டுல கையெழுத்துக் கேப்பாரு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கோங்க. நீங்க மையைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க." பேத்தி களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. பத்தாவது படிக்கிறாள்.

மூன்றாவது வரை படித்தவள் நான். தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்தினார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பெரிய வார்த்தை வந்தால் தாண்டிப் போய்விடுவேன். இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாயாடியைப் பள்ளியில் சேர்த்த அன்று மகன் லாரியில் போயிருந்தான், நான் துணைக்குப் போனேன். சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். கோணலாக வருமே என்று கூச்சப்பட்டுக் கட்டைவிரலை நீட்டினேன். தலைமையாசிரியை முன்னால் மருமகள், "எங்க அத்தை கைநாட்டுங்க" என்று சிரித்தாள். அன்றைக்குப் பச்சைப் புடவை கட்டியிருந்தாள், ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. பத்து வருஷம் ஆச்சு. எனக்கா மறக்கும்?

நானும் திருத்தவில்லை. தெரியாதவள் என்றால் எல்லாவற்றையும் என் முன்னால் விரித்துப் போடுகிறார்கள். இந்த நோட்டுகூட வாயாடி போன வருஷம் கழித்துப் போட்டதுதான். மெத்தைக்கு அடியில் இருக்கிறது. கைநாட்டின் மெத்தைக்கு அடியில் நோட்டு இருக்கும் என்று யார் தேடப்போகிறார்கள்?

ஜூன் 5, புதன்

தபால்காரர் மருமகள் பேருக்கு ஒரு கவர் கொடுத்தார். ஒட்டு பாதி பிரிந்திருந்தது. மீதியை நான் பிரித்தேன்.

மேலே அவள் கம்பெனி பெயர். அதைப் படித்துவிட்டேன், தினமும் அவள் கழுத்து அட்டையில் பார்க்கிறேனே. கீழே பெரிய பெரிய வார்த்தைகள். மூன்றாவது வரியில் 'வரத்' என்று இருக்கிறது, பிறகு ஒரு நீள வார்த்தை, பிறகு 'வேண்டாம்'.

வர வேண்டாம்! வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

கவரைச் சமையலறை அலமாரியில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். நாளைக்கு மினுக்கிக்கொண்டு போகட்டும். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி, எல்லாரும் பார்க்க, "உனக்குக் கடிதம் வரலையா?" என்று கேட்கட்டும். எனக்கு இருமல் வந்தபோது என் தட்டில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தவள்தானே. இருமல் போய் மூன்று வருஷம் ஆச்சு, புள்ளி போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

நிறுத்தவில்லை போலிருக்கிறது. ஆறரைக்கு வந்தாள், எப்போதும் போல முறுக்காக.

ஜூன் 14, வெள்ளி

சாப்பிடும்போது வாயாடி கேட்டாள். "அம்மா, கம்பெனிக்கு டாக்டர் வண்டி வந்து எல்லாரையும் பாத்தாங்களே, என்ன ஆச்சு?"

"குறை இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வீட்டுக்குக் கடிதாசி வருமாம்டி. மடிப்பு மேஜைல இருக்கறவளுக்கு வந்துருச்சு. பாவம், மத்தியானம் பூரா அழுதா. எனக்கு வரல. தப்பிச்சேன்."

சிரித்தாள். எனக்குக்கூடக் கேட்காமலே இரண்டாவது கரண்டி போட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூன் 15, சனி

எல்லாரும் போனதும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை எடுத்தேன். ஒரு வார்த்தையையும் தாண்டவில்லை. இரண்டு மணி நேரம். 'தா' என்று படித்தேன். அப்புறம் 'மதி'. நிலாவாக்கும் என்று நினைத்தேன். தாமதி. தாமதிக்க. வரத் தாமதிக்க வேண்டாம்.

அதற்கு மேல் வரியில்: இடது மார்பில் கட்டி. மேல் பரிசோதனைக்கு உடனே அரசு மருத்துவமனைக்கு.

கொடுத்துவிடலாம். கொடுத்தால், பத்து நாள் எங்கே இருந்துச்சு என்பாள். என்ன காகிதம் என்றே தெரியாது என்றால், அப்ப ஏன் பிரிச்சீங்க என்பாள். அவள் வாய்க்கு முன்னால் யார் நிற்பது? திங்கட்கிழமை கொடுக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

சாயங்காலம் கவரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். சத்தியமாக எடுத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்க அத்தைக்கு டிவில அடியில எழுத்து ஓடுதுல்ல, அதைப் பாத்தா எறும்பு சாரை போகுதுன்னு நினைப்பாங்கக்கா. துடைக்கத் துணி எடுத்தாலும் எடுப்பாங்க!" அந்த அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திரும்பி வந்து காகிதத்துக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். இருக்கட்டும். எறும்புதானே அது. எறும்புக்கு என்ன அவசரம்?

ஜூலை 9, செவ்வாய்

கொடியில் துணி போட இடது கை தூக்க வரவில்லை அவளுக்கு. இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து வந்த வலியாம். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

குளியலறையிலிருந்து நேரே என்னிடம்தான் வந்தாள். முகம் வெளிறிக் கிடக்கிறது. "அத்தை, இங்க தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. கெட்டதா இருந்தா கடிதாசி வந்திருக்கும்ல?"

என் கையைப் பிடித்துத் தானே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். எலுமிச்சம்பழ அளவு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வந்திருக்கும்தான்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

இந்த மாசம் லீவு போட்டால் சூப்பர்வைசர் கத்துவான் என்று அடுத்த மாசத்துக்குத் தள்ளிவிட்டாள்.

செப்டம்பர் 18, புதன்

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்களாம், "ஜூன்லயே கம்பெனி மூலமா கடிதம் அனுப்பினோமே, ஏன் வரலை? இப்ப நுரையீரலுக்குப் போயிருச்சு."

மகன் வந்த வேகத்தில் தபால்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். அவர், "உங்கம்மா கையிலதாங்க கொடுத்தேன்" என்றார். தெருவே என்னைப் பார்த்தது.

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "அவங்களை ஏன் பாக்கறீங்க? அவங்களுக்கு எழுத்தா தெரியும்? எந்தக் காகிதம்னு தெரியாம அடுப்புல கிடுப்புல போட்டிருப்பாங்க. என் நேரம், விடுங்க."

எனக்காகப் பேசினாள். அவள்!

கடிதத்தை மத்தியானம் நிஜமாகவே அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வாயாடியின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை மாசமாகப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையாம். முதல் மூன்று பேரில் வருகிற பெண்ணாம். "பகல்ல பாட்டி பாத்துக்க மாட்டாங்களா?"

"பாட்டி பாத்துப்பாங்க டீச்சர். ஆனா ஒன்பது மாத்திரை இருக்கு. எது சாப்பாட்டுக்கு முன்ன, எது பின்ன, எது வலி வந்தா மட்டும்னு சீட்டைப் படிச்சுத்தான் கொடுக்கணும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாதே" என்றாள் வாயாடி.

சீட்டு என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தது. காலை — இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள். இரவு — பாதி. எல்லாம் தெரிகிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை நாளைக்கே பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜனவரி 8, புதன்

அவள் போய் மூன்று வாரம். மகன் லாரிக்குத் திரும்பிவிட்டான். அம்மாவின் இடத்தில் சேரச் சொல்லிக் கம்பெனியில் வாயாடியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயதை ஏற்றிப் போட்டுக்கொள்வார்களாம்.

காலையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "பாட்டி, நான் வேலைக்குப் போயிட்டா நீ தனியா இருப்பே. இன்னொரு காகிதம் வந்து இன்னொரு ஆளு போகக் கூடாது. உனக்கு எழுத்துச் சொல்லித்தரேன்."

என் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தாள். வேண்டுமென்றே கோணினேன். 'ஆ'வுக்குச் சுழியைத் தலைகீழாகப் போட்டேன். "பரவால்ல, வரும்" என்றாள். அம்மாவைப் போலவே மூக்கைச் சுருக்கினாள், ஆனால் சிரிப்பில்லை; நான் பென்சிலைப் பழகிய கையாகப் பிடித்திருந்ததையே பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி விறுவிறுவென்று ஏதோ எழுதி, வாயைத் திறக்காமல் என் முன்னால் தள்ளினாள்.

'உன் தோளில் பூரான்.'

என் கை தோளுக்குப் போய்விட்டது.

அங்கே ஒன்றும் இல்லை. கையை இறக்கவும் முடியவில்லை. அவள் பென்சிலைத் தாள்மேல் வைத்தாள். என் கையையே பார்த்தாள்.

"அந்தக் கடிதாசில என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள். பாட்டி என்று கூப்பிடவில்லை.

எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் எனக்கு.